ஒளியிழை லேசரின் நடுக்கத்தை எதைக் கொண்டு அளப்பது?

1550 நானோமீட்டரில் ஒளிரும் ஒளியிழை லேசரின் அதிர்வெண் ஏறக்குறைய 193 டெராஹெர்ட்ஸ். அதில் சில கிலோஹெர்ட்ஸ் நடுக்கத்தைப் பிடிக்க வேண்டும். ஆப்டிகல் ஸ்பெக்ட்ரம் அனலைசர் இதற்கு உதவாது, 0.02 நானோமீட்டர் பிரிதிறன் என்பதே சுமார் 2.5 கிகாஹெர்ட்ஸ்.

எந்தக் கால அளவில் நிகழும் நடுக்கம் உங்கள் வேலையைக் கெடுக்கிறது, மில்லிநொடியிலா மணிக்கணக்கிலா? அது தெரியாமல் கருவி வாங்குவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது போல.

பலரும் முதலில் நாடுவது தாமத ஹெட்டரோடைன் முறை. ஒகோஷி, கிகுச்சி, நகயாமா மூவரும் 1980இல் வெளியிட்டது. ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நீண்ட இழைச்சுருளில் சுற்றவிட்டு, மற்றதன் அதிர்வெண்ணைச் சற்றே நகர்த்தி, இரண்டையும் போட்டோடயோடில் சேர்க்கிறார்கள். சுருதி சேரும் தறுவாயில் தம்பூராத் தந்திகளிடையே கேட்குமே, அதே விம்மல்தான். இரண்டாவது லேசர் வேண்டாம் என்பது இதன் கவர்ச்சி. ஆனால் லேசரின் நிறமாலைக் கோடு மெலிய மெலியச் சுருள் நீள வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸ் கோட்டுக்கு ஓரியல் நீளமே இழையில் 65 கிலோமீட்டர். தாமதம் அதையும் பல மடங்கு தாண்ட வேண்டும். 50 கிலோமீட்டரிலேயே 10 டெசிபல் ஒளி போய்விடும். போதாக்குறைக்கு, தாமதம் நீளும்போது மெதுவான இரைச்சலும் உள்ளே புகுந்து கோட்டைப் பருக்கவைக்கிறது.

என்னைக் கேட்டால், சில பத்து மீட்டர் மட்டுமே தாமதமுள்ள சமமற்ற குறுக்கீட்டுமானியைத்தான் சொல்வேன். அதிர்வெண் மாற்றத்தை அது ஒளிச்செறிவு மாற்றமாக்கித் தருகிறது. கிடைப்பது ஒற்றை எண் அல்ல, இரைச்சலின் முழு நிறமாலை. 50 ஹெர்ட்ஸ் மின்சார முனகல் எது, மின்விசிறி எது, பம்ப் டயோடு எது என்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கோட்டகலத்தைப் பிறகு அதிலிருந்தே கணக்கிடலாம். கருவியைக் கனமான பெட்டியில் மூடிவையுங்கள். இழை நல்ல மைக்ரோஃபோனும்கூட, பக்கத்தில் பேசினால் பதிவாகும்.

மணிக்கணக்கான நகர்வுக்கு இந்தக் குறுக்கீட்டுமானி ஆகாது, அதுவே நகரும். பரவல் பின்னூட்ட இழை லேசர் ஒரு டிகிரிக்கு ஒரு கிகாஹெர்ட்ஸுக்கு மேல் நகரக்கூடியது. இங்கே வெளியிலிருந்து ஓர் ஆதாரம் தேவை: அசிட்டிலீன் உட்கவர் கோடு, கையில் காசிருந்தால் அதிர்வெண் சீப்பு. ஒரே மாதிரி இரு லேசர்களை மோதவிடுவது மலிவுதான். ஆனால் ஒரே அறையில் இரண்டும் சேர்ந்தே சூடாகும். பொது நகர்வு கழிந்துபோய் முடிவு பொய்யாக அழகாயிருக்கும். முடிவை ஆலன் விலக்கமாக எழுதுங்கள். சாதாரணத் திட்டவிலக்கம் நகர்வு இருக்கும்போது, அளக்கும் நேரம் கூடக்கூட ஏறிக்கொண்டே போகும்.

அதிர்வெண் மட்டுமல்ல, ஒளிச்செறிவும் நடுங்கும். அந்த இரைச்சலுக்குப் போட்டோடயோடும் மின் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் போதும். எர்பியம் இழை லேசரில் சில நூறு கிலோஹெர்ட்ஸ் பக்கம் தளர்வு அலைவின் மேடு தெரியும். இதையே முதலில் அளந்துவிடுங்கள். இல்லையேல் அந்த மேடு குறுக்கீட்டுமானியில் அதிர்வெண் இரைச்சல் வேடத்தில் வந்து நிற்கும்.