தோஷத்தை விடலாம், துணியை விடலாமா?

திருநள்ளாறு போய் வந்தவர்களுக்கு நளதீர்த்தத்தின் படிக்கட்டு நினைவிருக்கும். நல்லெண்ணெய் தேய்த்து முழுக்குப் போட்டு, உடுத்தியிருந்த துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேறுவது பலருடைய வழக்கம். 'துணியோடு தோஷமும் போயிற்று' என்று மனதுக்கு ஒரு நிம்மதி. அந்தத் துணி எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா சகோதரிகளே?

நளன் கதையை நினைத்துப் பாருங்கள். கால் கழுவும்போது சரியாக நனையாமல் விட்ட ஓர் இடம் வழியாகத்தான் சனி அவனைப் பிடித்தார் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். (மகாபாரதத்தில் பிடித்தவன் கலி.) சுத்தம் தவறியதால் வந்த துன்பம் அது. அந்த நளன் பெயரில் உள்ள தீர்த்தத்தையே நாம் அசுத்தப்படுத்தினால் பரிகாரம் எப்படிப் பலிக்கும்?

குளம் என்பது ஓடாத தண்ணீர். மீன் சுவாசிப்பது அதில் கரைந்திருக்கும் பிராண வாயுவைத்தான். எண்ணெய் மேலே படலமாகப் பரவினால், காற்றிலிருந்து அந்த வாயு உள்ளே இறங்குவது குறைந்துவிடும். மாலை, வாழைப்பழம், பிண்ட சாதம் எல்லாம் அழுகும்போது, அவற்றை அழுகவைக்கும் கிருமிகள் மிச்சமிருக்கும் வாயுவையும் எடுத்துக்கொள்கின்றன. சோப்புத்தூளில் பாஸ்பேட் இருந்தால் அது பாசிக்கு உரம். பாசி பகலில் பிராண வாயுவைத் தரும். ஆனால் இரவில் அதுவும் எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். அதனால் விடியற்காலையில் தண்ணீரில் வாயு மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் குளத்து மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், பசி என்று நினைத்து நாம் பொரியை வீசுகிறோம். அது மூச்சுக்குத் தவிப்பதாக இருக்கலாம். தின்னாத பொரியும் ஊறி அழுகத்தான் போகிறது.

துணி விஷயம் இன்னும் மோசம். பருத்தியாவது மெல்ல மக்கும். பாலியஸ்டர் மக்காது, சேற்றில் புதைந்து கிடக்கும்.

ஆறுதானே, அடித்துக்கொண்டு போய்விடும் என்பதும் தவறு. பாபநாசத்தில் தாமிரபரணியில் விட்ட சேலைகள் பாறையிலும் மரவேரிலும் சுற்றிக் கிடக்கின்றன. அதே தண்ணீரைத்தான் கீழே திருநெல்வேலி, தூத்துக்குடி ஜனங்கள் குடிக்கிறார்கள். நம் பாவத்தை அவர்கள் குடத்தில் போடலாமா?

'ஆலைக் கழிவையும் சாக்கடையையும் விட்டுவிட்டு எங்களைச் சொல்ல வந்துவிட்டீர்களே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆறுகளைப் பெரிதும் கெடுப்பவை அவைதான். அதற்கு அரசாங்கம் பதில் சொல்ல வேண்டும். ஆனால் படித்துறையில் மிதக்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

சாஸ்திரம் இதில் நம்மைவிடக் கண்டிப்பானது. தைத்திரீய ஆரண்யகத்தில் வரும் அருணப் பிரச்னம், ஞாயிற்றுக்கிழமைகளில் சூரிய நமஸ்காரமாகப் பாராயணம் செய்யப்படுவது. தண்ணீரில் மலஜலம் கழிக்காதே, எச்சில் துப்பாதே என்று அதில் விதி இருக்கிறது. எச்சிலுக்கே தடை என்றால் ஷாம்புக்கு? உடம்பு அழுக்கைக் கரையிலேயே கழுவிவிட்டு, அதன் பிறகே சங்கல்பம் செய்து தீர்த்தத்தில் இறங்குவதுதான் பழைய முறை.

ஆகவே அடுத்த முறை போகும்போது, தங்கும் இடத்திலேயே எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்துவிடுங்கள். குளத்தில் மூன்று முழுக்கு மட்டும் போதும். எண்ணெய் வைத்தே ஆகவேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், உச்சியில் ஒரு சொட்டு. ஈரத்துணியைப் போட ஒரு பையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். துணியைக் கழித்தே தீரவேண்டுமென்றால், புதுத்துணி ஒன்றை வாங்கி ஏழைக்குத் தானம் கொடுங்கள். சனிக்கு உகந்தது தானம் என்று எந்த ஜோசியரும் ஒப்புக்கொள்வார்.

விநாயகர் சதுர்த்திக்கும் இதே கணக்குதான். பிளாஸ்டர் ஆப் பாரிஸ் பிள்ளையார் வேண்டாம் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2020-ல் வெளியிட்ட விதிமுறையில் சொல்லிவிட்டது. சுடாத களிமண்ணில், சாயம் பூசாத சின்னப் பிள்ளையாராக வாங்குங்கள். பூவையும் காகிதக் குடையையும் எடுத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் வையுங்கள். சின்னப் பிள்ளையார் சீக்கிரமே கரைந்துவிடுவார். அந்தத் தண்ணீரைக் கால் படாத இடத்தில், செடிக்கு ஊற்றலாம்.