‘அக்கா, ஏதாவது ஓப்பனிங் இருக்கா?’

ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் தயாரிக்கும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். எங்கள் காலேஜ் ஜூனியர்கள் பலர் என் ரெஃபரலில் உள்ளே வந்தவர்கள். அதில் எனக்குப் பெருமைதான். கேம்பஸுக்குப் பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத காலேஜில் சீனியரை விட்டால் மெக்கானிக்கல் மாணவருக்கு யார் இருக்கிறார்கள்?

அப்படி வந்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். டிரெய்னி வேலைக்கு அவனுக்காக மேனேஜரிடம் நேரில் போய்ப் பேசினேன். ஆஃபர் லெட்டரும் வாங்கினான். சேரவேண்டிய திங்கட்கிழமை காலை அவன் அளவுக்கு சேஃப்டி ஷூ எடுத்து வைத்திருந்தோம். ஆள் வரவில்லை, போன் ஸ்விட்ச் ஆஃப். மதியம் பார்த்தால் பெங்களூரில் வேறு கம்பெனி வாசலில் நிற்கும் போட்டோவை லிங்க்ட்இனில் போட்டிருக்கிறான். கூடுதல் சம்பளத்துக்குப் போனதைக் குறை சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காத்திருந்த நம் காலேஜ் பெண்ணையே அந்த இடத்துக்குச் சொல்லியிருப்பேன். அடுத்த முறை நான் ஒரு பேரைச் சொன்னதும் மேனேஜர், “உங்க காலேஜ் வேணாம்மா” என்று முடித்துவிட்டார். அதற்கடுத்த பேட்சில் ஒருவரைக்கூட என்னால் உள்ளே கொண்டுவர முடியவில்லை.

ரெஃபரல் போட்டால் உங்கள் பேரோடு என் எம்ப்ளாயி நம்பரும் சிஸ்டத்தில் ஏறுகிறது. அதனால் இப்போதெல்லாம் போனில் புராஜெக்டைப் பற்றிப் பேசவைத்துப் பார்க்காமல் யாருக்கும் போடுவதில்லை. ‘அந்த அக்கா ரொம்பக் கறார்’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சாம். பேசட்டும்.

‘ஏதாவது ஓப்பனிங் இருக்கா’ என்று மொட்டையாகக் கேட்டால் பதில் போடமாட்டேன். ஒரு பெண் இப்படி எழுதினாள்: “அக்கா, நம்ம காலேஜ்தான், 2024 பேட்ச். வெல்டிங் ஃபிக்சர் புராஜெக்ட் பண்ணினேன். உங்க டிபார்ட்மென்ட்ல முதல் வருஷம் என்ன வேலை கொடுப்பாங்க? ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேசலாமா?” அன்றைக்கே கூப்பிட்டேன். வேலையைப் பற்றிக் கேட்பவரிடம் பேச எந்த சீனியருக்கும் பிடிக்கும்.

சீனியரைத் தேடுவது பெரிய விஷயமில்லை. லிங்க்ட்இனில் காலேஜ் பக்கத்தைத் திறந்து முன்னாள் மாணவர் பகுதியில் ஊர், கம்பெனி வாரியாகப் பார்க்கலாம். பிளேஸ்மென்ட் செல் செய்யவேண்டிய வேலை இது; அவர்களோ வருஷத்துக்கு ஒருமுறை எங்களைக் கூப்பிட்டு சால்வை போர்த்துவதோடு சரி. சீனியருக்கு அனுப்பும் ரெஸ்யூமில் அரியரை மறைக்காதீர்கள். ஒருநாள் வொர்க்‌ஷாப் போய்வந்துவிட்டு ‘கேட்டியா (CATIA) சாஃப்ட்வேர் தெரியும்’ என்று போடாதீர்கள்.

வேலை அமையவில்லை என்றால் வீட்டில் உட்காராமல் மத்திய அரசின் நாட்ஸ் (NATS) தளத்தில் அப்ரன்டிஸாகப் பதிந்துகொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டத்தின்கீழ் வரும் பயிற்சி, உதவித்தொகையும் உண்டு. சேர்ந்ததும் எந்த லைனில் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். அடுத்த ஓப்பனிங் வரும்போது மேனேஜரிடம் சொல்ல எனக்கு அது போதும்.