பிச்சாவரத்தில் படகு தரைதட்டினால்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில், கிளைக் கால்வாய்க்குள் நுழைந்த படகு சேற்றில் சிக்குவது அரிதல்ல. பதறத் தேவையில்லை, காரணம் தெரிந்தால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

காரணம் ஓதம் (கடல்நீர் ஏறி வற்றுவது). இங்கே நாளுக்கு இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் முழங்காலளவு நீரே உள்ள கால்வாய்க்கு அதுவே அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் கூடுதலாக வற்றும். ஓத நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், போன வாரம் சென்றவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது.

அறிகுறிகளை வேர்களில் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே வேரில் ஈரச் சேறு பளபளத்தால் நீர் வற்றுகிறது. மூச்சுவேர்களின் (சேற்றிலிருந்து மேல்நோக்கி நீளும் வேர்கள்) நுனி தெரிவதும், துடுப்பு சேற்றைக் கிளறுவதும் அடுத்த எச்சரிக்கைகள். மிதக்கும் இலை கடல்பக்கம் போவதை மட்டும் நம்ப வேண்டாம். மழைக்காலத்தில் ஆற்றுவரத்தும் இலையைத் தள்ளும்.

முன்பக்கம் தட்டினால், எழுந்து நிற்காமல் ஒருவர்பின் ஒருவராகப் பின்பக்கம் நகருங்கள். படகோட்டி கழியை ஊன்றி, வந்த வழியிலேயே தள்ளட்டும். நீர் வற்றும் நேரமானால் உடனே செய்ய வேண்டும். ஏறும் நேரமானால் பொறுத்திருந்தாலே படகு மிதக்கும். முழுவதும் வற்றிவிட்டாலும் சில மணி நேரத்தில் நீர் திரும்பும். அந்தக் காத்திருப்புக்காகவே குடிநீரும் தொப்பியும் எடுத்துச் செல்லுங்கள். உயிர்காப்பு அங்கியைக் கழற்ற வேண்டாம்.

இறங்கித் தள்ளாதீர்கள்: சேறு காலைப் பிடிக்கும், வேரில் ஒட்டிய சிப்பிகள் கிழிக்கும். மோட்டார் படகானால் இன்ஜினை முடுக்க வேண்டாம். உறிஞ்சப்படும் சேறு, குளிர்விக்கும் நீர்வழியை அடைத்துவிடும்.

கிளையைப் பிடித்து இழுப்பதும் ஆபத்து. அது தில்லை மரமானால், அதன் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். கண்ணைக் கசக்காமல், சுத்தமான நீரால் 15 நிமிடமாவது கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடும் கைவைத்தியம் கூடாது.

புறப்படுமுன் படகோட்டியிடம் அன்றைய ஓத நேரத்தைக் கேளுங்கள். நீர் ஏறும்போது கிளைக் கால்வாய்களுக்குள் செல்லுங்கள். வற்றத் தொடங்கியதும் அகன்ற கால்வாய்க்குத் திரும்பிவிடுங்கள். சேற்றுத்திட்டில் இரைதேடும் கொக்கையும் நண்டையும் அங்கிருந்தே நன்றாகப் பார்க்கலாம்.