சுருண்ட வால்

2022 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி தண்ணீர் போனது. திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, பெராம்பட்டு போன்ற சிதம்பரம் பக்கத்துக் கரையோர ஊர்கள் தண்ணீருக்கு நடுவில் நின்றன. ஜனங்கள் முகாமுக்குப் போனார்கள். ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டினார்கள். நாய்க்கு யார் படகில் இடம் கொடுப்பது? அந்த வாரம் ஒரு செவலைப் பெட்டை நாய், கழுத்தில் அறுந்த நைலான் கயிற்றோடு, குமராட்சியில் எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. வைக்கோல் போருக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைந்தது. நாலு நாள் வெளியே வரவில்லை. வால் அடிவயிற்றோடு ஒட்டியிருந்தது.

நான் தட்டும் கையுமாக அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார்: “ஏன் தம்பி, நாய் வாலை நிமித்தப் போறியா?”

மீட்கப்பட்ட நாயின் பயத்தைப் போக்கி, மனிதரோடு வாழப் பழக்குவது இன்று உலகில் ஒரு தனித் தொழில். அதற்கென்று மையங்களும், எழுதிவைத்த பயிற்சிமுறையும், சம்பளம் வாங்கும் ஆட்களும் உண்டு. நம் பக்கத்தில் அது திண்ணையிலும் கொட்டகையிலும் நடக்கிற வேலை. எங்கே நடந்தாலும் குறுக்கே நிற்பவை நாயைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்கள். அவற்றில் பாதி, பழமொழியாகவே நம் நாக்கில் புரள்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: நாய் வாலை நிமிர்த்த முடியாது. கெட்டுப்போன நாய் கெட்டதுதான்.

உண்மை: 2007-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், மைக்கேல் விக் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரருக்குச் சொந்தமான இடத்திலிருந்து, சண்டைக்காக வளர்க்கப்பட்ட சுமார் 50 நாய்களை மீட்டார்கள். அதுவரை அங்கே வழக்கம் என்னவென்றால், சண்டை நாய் என்றால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவது. இந்த முறை ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதித்தார்கள். குணம் சரியில்லை என்று கொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான். மூர்க்கமாக இருக்கும் என்று நினைத்த பல நாய்கள் பயத்தில் தரையோடு ஒட்டிக் கிடந்தன. 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் என்ற காப்பகத்துக்குப் போயின. மற்றவை வேறு காப்பகங்களுக்கும் வீடுகளுக்கும். அவற்றில் ஒன்றிரண்டு, நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் நாய்களாகவே ஆயின.

ஏஎஸ்பிசிஏ என்ற அமெரிக்க விலங்கு நல அமைப்பு, கடும் பயம் பிடித்த நாய்களுக்கென்றே 2013-இல் நியூ ஜெர்சியில் ஒரு மையத்தைத் தொடங்கியது. 2018-இல் அது நார்த் கரோலைனாவில் சொந்தக் கட்டடத்துக்கு மாறியது. 2013 முதல் 2020 வரை அங்கே சேர்ந்த 441 நாய்களில் 86 சதவீதம் தேறின. ஒரு நாய்க்குச் சராசரியாக மூன்று மாதத்துக்குச் சற்று மேல் ஆனது. இந்த மூன்று மாதப் பொறுமைதான் நம்மில் பலரிடம் இல்லை.

நம்பிக்கை 2: வெள்ளம் வடிந்தால் பயமும் வடிந்துவிடும். நாய்க்கு ஞாபகம் ஏது?

உண்மை: மணி அடித்தால் எச்சில் ஊறும் நாய் என்றதும் நினைவுக்கு வரும் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், வெள்ளத்திலும் ஒரு பாடம் படித்தார். 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் நேவா ஆறு ஊருக்குள் புகுந்தது. அவருடைய நாய்கள் கூண்டுக்குள் நீந்தி, மூக்கு மட்டும் வெளியே தெரிய மிதந்தன. ஊழியர்கள் அவற்றைத் தண்ணீருக்குள் அமுக்கி, கூண்டின் கதவு வழியாக இழுத்துக் காப்பாற்றினார்கள். அதன்பிறகு சில நாய்களுக்குப் படித்த பாடமெல்லாம் மறந்துபோனது. பயிற்சியால் மறுபடி தேறிய ஒரு நாய், பல வாரம் கழித்து அறைக் கதவின் கீழே கொஞ்சம் தண்ணீர் கசிந்து வந்ததும் பழையபடி நடுங்கிப்போனது.

லெனின்கிராடுக்கும் கொள்ளிடத்துக்கும் இதில் பேதமில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வாளியைச் சாய்த்தாலே எங்கள் செவலை நின்ற இடத்தில் சிறுநீர் விட்டுவிடும். இதற்குச் செய்வது எளிது, ஆனால் மெதுவாகச் செய்ய வேண்டும். பயப்படும் பொருளை, பயம் கிளம்பாத தூரத்தில் காட்டி, அதோடு பிடித்த தீனியைச் சேர்க்க வேண்டும். இருபதடி தள்ளி ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றுவேன். உடனே ஒரு கருவாட்டுத் துண்டு. நாலைந்து நாள் கழித்துப் பதினெட்டடி. சத்தம் முதலில், கருவாடு பிறகு. வரிசை மாறினால் கருவாட்டைக் கண்டாலே நாய் பயப்பட ஆரம்பிக்கும். பிடித்த தீனியை நாய் வாங்க மறுத்தால், நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். இரண்டடி பின்னுக்குப் போக வேண்டியதுதான்.

நம்பிக்கை 3: அடியாத மாடு படியாது. யார் தலைவன் என்று நாய்க்குக் காட்ட வேண்டும்.

உண்மை: இதன் பாதி நம் பழமொழி, மீதி பாதி வெளிநாட்டுச் சரக்கு. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், ஸ்விட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்காகச் சண்டையிடுவதாக எழுதினார். 1970-இல் வெளிவந்த டேவிட் மெக்கின் ஓநாய்ப் புத்தகம் அந்தக் கருத்தைப் பரப்பியது. பிறகு காட்டில் பல ஆண்டுகள் ஓநாய்களின் பின்னால் அலைந்த அதே மெக், 1999-இல் அதைத் திருத்தினார்: ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்தான். நாய்ப் பயிற்சியாளர்கள் பலர் இன்னும் அந்தத் திருத்தத்தைப் படிக்கவில்லை.

உறுமுவது நாய் கொடுக்கும் எச்சரிக்கை. உறுமியதற்காக அடித்தால் உறுமல் நின்றுவிடும், பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி விழும். ஐந்தாம் நாள் செவலை வெளியே வந்த சந்தோஷத்தில், அதன் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனேன். முதலில் உதட்டை நக்கியது. பிறகு முகத்தைத் திருப்பியது. பிறகு உறுமியது. மூன்றையும் நான் மதிக்கவில்லை. ஆள்காட்டி விரலில் கடித்தது. தவறு என்னுடையது. குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினேன், அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, மீதி ஊசிகளையும் தவணை தவறாமல் முடித்தேன். கடிவாயில் மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு என்று எதையும் அப்பக் கூடாது.

நம்பிக்கை 4: மூலையில் சத்தமில்லாமல் கிடக்கிற நாய் சாது.

உண்மை: காப்பகங்களில் அதிகம் ஏமாற்றுவது இந்த நாய்தான். 1967-இல் செலிக்மன், மையர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், தப்பிக்க வழியில்லாமல் மின் அதிர்ச்சி வாங்கிய நாய்கள், பிறகு வழி திறந்திருந்தும் தப்பிக்க முயலாமல் படுத்துக்கிடந்ததைக் காட்டினார்கள். கொடூரமான சோதனை, இன்று யாரும் செய்ய மாட்டார்கள். ‘எதுவும் பயனில்லை’ என்பதை அவை கற்றுக்கொண்டதாக அன்று சொன்னார்கள். 2016-இல் அதே இருவரும் தங்கள் முடிவைத் திருப்பிப் போட்டார்கள்: நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது உடம்பின் இயல்பு, ‘என்னால் ஏதாவது செய்ய முடியும்’ என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது.

மறுவாழ்வு வேலையின் சாரம் இதில் அடங்கிவிடுகிறது. அந்தச் சந்துக்கு ஒரே வாசல்தான் இருந்தது. நான் உட்கார்ந்தது அந்த வாசலில். அதை உணரவே எனக்கு நாலு நாள் ஆனது. வைக்கோலைக் கொஞ்சம் நகர்த்தி மறுபக்கம் வழி விட்டேன். முதுகைக் காட்டி, பக்கவாட்டில் உட்கார்ந்தேன். போவதும் வருவதும் உன் இஷ்டம் என்று தெரிந்த மறுநாளே அது வெளியே வந்தது.

அமைதியையும் முடக்கத்தையும் பிரித்தறிய உடம்பைப் பாருங்கள். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிவது, காது பின்னால் ஒட்டிக்கொள்வது, வெயில் இல்லாத நேரத்தில் இளைப்பது. இவையெல்லாம் பயத்தின் மொழி. வாலாட்டுவதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து ஆடுவது ஒன்று. விறைத்து உயர்ந்து நுனி மட்டும் ஆடுவது வேறு. ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்பதையும் இதோடு சேர்த்து மறந்துவிடுங்கள்.

நம்பிக்கை 5: நாலு பொறை போட்டால் எந்த நாயும் ஒட்டிக்கொள்ளும்.

உண்மை: கொல்கத்தாவில் ஐசர் நிறுவனத்தில் பேராசிரியர் அனிந்திதா பத்ராவின் குழு, வீட்டு நாயை விட்டுவிட்டுத் தெருநாயையே பல ஆண்டுகளாக ஆராய்கிறது. 2017-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத ஆளோடு நம்பிக்கை வளர, திரும்பத் திரும்பக் கிடைத்த தீனியைவிடத் தடவிக்கொடுத்ததே தெருநாய்களிடம் அதிகம் வேலை செய்தது. 2020-இல் வந்த இன்னொரு ஆய்வில், எந்தப் பயிற்சியும் இல்லாத தெருநாய்கள் மனிதர் கைகாட்டிய திசையைப் புரிந்துகொண்டன. ஆனால் ஏறக்குறைய பாதி நாய்கள், பயந்து கிட்டவே வரவில்லை. கல்லெறி வாங்கியவை அப்படித்தான் இருக்கும்.

அதனால் தீனி முக்கியமில்லை என்று ஆகிவிடாது. அது அறிமுகச் சீட்டு மாதிரி. தூக்கிப் போட்டுவிட்டுப் போகாமல் கூட இருப்பதுதான் உறவு. தொடுவதும் நாய் கேட்ட பிறகுதான்: மூன்று விநாடி மார்பில் தடவி, கையை எடுத்துவிடுங்கள். அது மறுபடி நெருங்கினால் தொடரலாம்.

நம்பிக்கை 6: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

உண்மை: பாதி சரி. ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் செய்த ஆய்வு, 1965-இல் புத்தகமாக வந்தது. பிறந்து ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரை குட்டி பார்க்கிற, கேட்கிற, தொடுகிறவைதான் பிற்காலத்தில் அதற்குப் பழகிய உலகம். அந்த வாரங்களில் மனிதக் கையே படாத குட்டி, வளர்ந்த பிறகு மனிதரோடு பழகப் படாத பாடு படும். ஆனால் வளர்ந்த நாய் எதையும் கற்காது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. செவலைக்கு, பல்லைப் பார்த்துக் கால்நடை மருத்துவர் சொன்ன வயது ஐந்துக்கு மேல். அது வளைந்தது.

நம்பிக்கை 7: எல்லா நாயையும் காப்பகத்தில் அடைத்துவிட்டால் ஊருக்கும் நல்லது, நாய்க்கும் நல்லது.

உண்மை: 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, டெல்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடை, தடுப்பூசி, குடற்புழு மருந்து முடிந்த நாய்களை அதே இடத்தில் விடச் சொன்னது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் விலக்கு. நவம்பர் 7-இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்றும் நாய்களை அங்கேயே திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்கச் சொன்னது. குழந்தைகளும் நோயாளிகளும் நடமாடும் இடம் என்பதால் அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் சுவர் எழுப்பினால் மட்டும் காப்பகம் ஆகிவிடாது. புதிதாக அடைபட்ட நாயின் உடம்பில் பதற்றத்துக்கான கார்ட்டிசால் சுரப்பு முதல் சில நாட்கள் எகிறும் என்று 1990-களிலேயே அளந்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு இரவு ஒரு வீட்டில் தங்கவைத்தால் அது இறங்குகிறது என்று 2019-இல் வந்த ஆய்வு காட்டியது. காப்பகத்துக்குத் திரும்பினால் மறுபடி ஏறுகிறது. தெருவில் நன்றாக இருந்த நாய், கூண்டில் வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி வந்து மனம் கெடுவதும் உண்டு.

கருத்தடை செய்து விடும் வழி நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் சென்னையில் நிறுவிய புளூ கிராஸ், 1964-இலேயே அதை ஆரம்பித்தது. 2001-இல் நாடு முழுமைக்கும் விதி வந்தது. 2023-இல் அது புதுப்பிக்கப்பட்டது. அந்தப் பொறுப்பு உள்ளாட்சியின் தலையில் இருக்கிறது.

நம்பிக்கை 8: அன்பு காட்டினால் எந்த நாயையும் திருத்திவிடலாம்.

உண்மை: இது நாய்ப் பிரியர்களின் மூடநம்பிக்கை. அந்த 441 நாய்களில் எல்லாமும் தேறவில்லை என்பதை மறக்கக் கூடாது. நேற்று வரை நன்றாக இருந்த நாய் இன்று சீறினால், முதலில் பார்க்க வேண்டியவர் கால்நடை மருத்துவர். காதுச் சீழும் மூட்டு வலியும் எந்த நாயையும் கடிக்க வைக்கும். வெறிநோய் கண்ட நாயைத் திருத்தப் பயிற்சியும் இல்லை, மருந்தும் இல்லை. உலகில் வெறிநோயால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள். எனவே மீட்ட நாய்க்குப் பெயர் வைப்பதற்கு முன் தடுப்பூசி. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கடித்த வரலாறு உள்ள நாயை, அதை மறைத்துத் தத்துக் கொடுப்பது அன்பாகாது, மோசடி.

பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டு நாயின் வால் பிறவியிலேயே சுருண்டது. பயந்த நாய்க்குத்தான் அது இறங்கி, கால்களுக்கு நடுவே போய் ஒட்டிக்கொள்கிறது. வாலை நிமிர்த்துவது எங்கள் வேலையே அல்ல. அது மறுபடி மேலேறிச் சுருள்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. செவலைக்கு அது நடந்தது எழுபத்தோராம் நாள் காலையில், பெரியம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது. தண்ணீர்ச் சத்தம் கேட்டும் அது ஓடவில்லை.

உங்கள் தெருவில் வாலை இடுக்கிக்கொண்டு ஒரு நாய் இருக்கும். கையில் இருக்கும் கல்லைக் கீழே போடுங்கள். பக்கத்தில் போக வேண்டாம். அது ஓட வழி விட்டு, சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் உட்காருங்கள். நாளைக்கும் உட்காருங்கள். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் உங்கள் ஊராட்சியில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.