விமான விபத்துச் செய்திகளும் விசாரணை உண்மைகளும்

ஆகாய விமானம் ஒன்று விபத்துக்குள்ளானால் அச்செய்தி சில நிமிடங்களில் நாடெங்கும் பரவிவிடுகிறது. ஆனால் விபத்து நேர்ந்ததற்குரிய காரணத்தை அறியப் பல மாதங்கள் ஆகின்றன. இடைப்பட்ட காலத்தில் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் வெளிவருவனவற்றுள் உண்மையும் ஊகமும் கலந்தே இருக்கும். கிராமங்களில் பணிபுரியும் களப்பணியாளர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் அணுகி, "செய்தித்தாளில் உள்ளது மெய்தானா?" என்று மக்கள் வினவுவது இயல்பு. அவ்வினாவிற்கு விடையளிக்க விமானத்துறையில் புலமை வேண்டுவதில்லை. பதிவான உண்மை எது, அதற்குக் கூறப்படும் விளக்கம் எது, வெறும் ஊகம் எது என்று பிரித்தறியும் பழக்கமே வேண்டும். தில்லியோடு தொடர்புடைய இரண்டு விசாரணைகளைக் கொண்டு அப்பழக்கத்தை இங்கு விளக்குவோம்.

விசாரணையின் நோக்கம்

1944ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன் 13ஆம் பிற்சேர்க்கை 1951இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் மேலும் விபத்துகள் நேராமல் தடுப்பதேயன்றி, எவர்மீதும் பழியோ பொறுப்போ சுமத்துவதன்று என்பது அதன் அடிப்படைக் கொள்கை. முதற்கட்ட அறிக்கை 30 நாட்களுக்குள் அளிக்கப்பட வேண்டும். இறுதி அறிக்கை இயன்றவரை 12 மாதங்களுக்குள் வெளிவர வேண்டும். முதலாவது அறிக்கை அதுவரை கிடைத்த உண்மைகளைத் தொகுத்துரைப்பது. காரணத்தை முடிவுசெய்வது இறுதி அறிக்கையே. இவ்வேறுபாட்டை மறந்து, முதற்கட்ட அறிக்கையைத் தீர்ப்பாகக் கருதுவதே செய்திப் பிழைகள் பலவற்றிற்கு மூலமாகும்.

சர்க்கி தாத்ரி, 1996

1996 நவம்பர் 12 அன்று மாலை, தில்லி இந்திரா காந்தி விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய போயிங் 747 விமானமும், தில்லியை நோக்கி வந்துகொண்டிருந்த கசாக்ஸ்தானின் இல்யூஷின்-76 விமானமும் ஹரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு அருகே நடுவானில் மோதின. இரு விமானங்களிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். தில்லிக் கட்டுப்பாட்டு நிலையத்தின்மீதும் அங்கிருந்த பழைய ராடார் கருவியின்மீதும் உடனே ஐயங்கள் எழுந்தன.

அவ்வையங்கள் முற்றிலும் ஆதாரமற்றவை அல்ல. அக்காலத்தில் தில்லியில் இயங்கிய ராடார், விமானம் இருக்கும் திசையையும் தூரத்தையும் காட்டுமேயன்றி உயரத்தைக் காட்டாது. உயரத்தை விமானிகளே வானொலி மூலம் தெரிவிக்க வேண்டியிருந்தது. வருகின்ற விமானங்களும் செல்கின்ற விமானங்களும் ஒரே வழியைப் பயன்படுத்தின. ஆயினும் மோதலின் காரணம் வேறாக இருந்தது. தில்லி உயர்நீதிமன்ற நீதிபதி ஆர். சி. லஹோட்டி தலைமையில் அமைந்த விசாரணை மன்றம், ஒலிப்பதிவுகளையும் இரு விமானங்களின் பதிவுக் கருவிகளையும் ஆராய்ந்தது. சவூதி விமானத்திற்கு 14,000 அடியும், கசாக் விமானத்திற்கு 15,000 அடியும் வரையறுக்கப்பட்டிருந்தன. கட்டுப்பாட்டாளரின் உத்தரவு சரியானதே. கசாக் விமானம் தனக்கு வரையறுத்த உயரத்திற்குக் கீழே இறங்கியதே மோதலுக்குக் காரணம் என மன்றம் முடிவு கண்டது. அவ்விமானக் குழுவினரின் ஆங்கில அறிவுக் குறையும் சுட்டிக்காட்டப்பட்டது.

இதிலிருந்து அறியத்தக்கது யாதெனில், ஒரு குறை இருந்தது என்பது வேறு. அக்குறையே விபத்துக்குக் காரணம் என்பது வேறு. குறையைக் கண்டு களைவதும் விசாரணையின் பணியே. தில்லியில் வரும் வழியும் செல்லும் வழியும் பின்னர்ப் பிரிக்கப்பட்டன. மோதல் தவிர்ப்புக் கருவியும் கட்டாயமாக்கப்பட்டது.

ஆமதாபாத், 2025

2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் போயிங் 787 விமானம், மேலெழுந்த அரை நிமிடத்தில் கட்டடங்களின்மீது வீழ்ந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவரே உயிர்பிழைத்தார். தரையில் 19 பேர் இறந்தனர். ஓரிரு நாட்களிலேயே காரணங்கள் பல கூறப்பட்டன. இறக்கையின் மடிப்புத் தகடுகள் விரிக்கப்படவில்லை என்றனர் சிலர். பறவைகள் மோதின என்றனர் சிலர். எரிபொருளில் கலப்படம் என்றனர் வேறு சிலர்.

விமானத்தின் பதிவுக் கருவிகள் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டு, விமான விபத்துப் புலனாய்வுப் பணியகத்தின் ஆய்வுக்கூடத்தில் முன்பகுதிக் கருவியின் பதிவு வெளியே எடுக்கப்பட்டது. 1996ஆம் ஆண்டு விபத்தின் பதிவுக் கருவிகள் மாஸ்கோவிற்கும் இங்கிலாந்திற்கும் அனுப்பப்பட்டன என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஜூலை 12இல் வெளியான முதற்கட்ட அறிக்கையின்படி, மடிப்புத் தகட்டு நெம்புகோல் புறப்பாட்டிற்குரிய 5 பாகை நிலையிலேயே இருந்தது; பறக்கும் பாதையின் அருகே குறிப்பிடத்தக்க பறவை நடமாட்டம் காணப்படவில்லை; விமானத்திற்கு எரிபொருள் நிரப்பிய வண்டிகளிலிருந்தும் தொட்டிகளிலிருந்தும் எடுத்த மாதிரிகள் தரமானவையாக இருந்தன. உறுதியாகக் கூறப்பட்ட மூன்று காரணங்களுக்கும் முப்பது நாட்களில் கிடைத்த சான்றுகள் துணை நிற்கவில்லை.

'மாறின' என்பதும் 'மாற்றினார்' என்பதும்

அவ்வறிக்கை மற்றொரு செய்தியையும் தெரிவித்தது. விமானம் மேலெழுந்த சில நொடிகளில், இரு இயந்திரங்களின் எரிபொருள் விசைகளும் ஒரு நொடி இடைவெளியில் 'இயக்கம்' என்ற நிலையிலிருந்து 'துண்டிப்பு' என்ற நிலைக்கு மாறின. ஏன் துண்டித்தீர் என்று விமானி ஒருவர் வினவ, தாம் அவ்வாறு செய்யவில்லை என்று மற்றவர் விடையளித்தார். சுமார் பத்து நொடிகளுக்குப் பின் விசைகள் மீண்டும் இயக்க நிலைக்கு வந்தன. வினவியவர் யார், விடையளித்தவர் யார் என்று அறிக்கை கூறவில்லை. விசைகள் எவ்வாறு மாறின என்றும் கூறவில்லை.

'மாறின' என்பது தன்வினை. 'மாற்றினார்' என்பது பிறவினை. 'மாற்றப்பட்டன' என்று செயப்பாட்டு வினையில் எழுதினாலும், மாற்றியவர் ஒருவர் உண்டு என்பது உள்ளடங்கிவிடுகிறது. பதிவுக் கருவி காட்டுவது முதலாவதை மட்டுமே. இரண்டாவதை எழுதும் நிருபர், சான்றில் இல்லாத ஒரு மனிதரையும் அவருக்கு ஒரு செயலையும் சேர்க்கிறார். சிலர் அதற்கு மேலும் சென்று ஒரு நோக்கத்தையும் கற்பிக்கின்றனர். அயல்நாட்டு ஏடுகள் சில இவ்வாறு செய்ததை ஒட்டி, சரிபார்க்கப்படாத செய்திகளைத் தவிர்க்குமாறு புலனாய்வுப் பணியகம் ஜூலை 17இல் வேண்டுகோள் விடுத்தது. முதற்கட்ட அறிக்கையில் விமானியின்மீது குற்றம் சுமத்தப்படவில்லை என்று தில்லியில் உச்சநீதிமன்றமும் அவ்வாண்டு நவம்பரில் குறிப்பிட்டது.

இஃது இலக்கண நுட்பம் மட்டுமன்று. விமானிகள் இருவரும் இறந்துபோயினர். தம்மீது சுமத்தப்படும் பழிக்கு அவர்கள் மறுமொழி கூற இயலாது. அவர்தம் பெற்றோரும் பிள்ளைகளும் அப்பழியைச் சுமக்க நேரிடுகிறது. மேலும், தம் சொற்கள் நாளை தலைப்புச் செய்தியாகும் என்று அஞ்சும் விமானியும் பொறியாளரும் சிறு தவறுகளைத் தாமாக முன்வந்து தெரிவிக்கத் தயங்குவர். தெரிவிக்கப்படாத சிறு தவறே பிறிதொரு நாள் பெருவிபத்தாக முடியும்.

பிழை பத்திரிகைகளின் பக்கம் மட்டுமே உள்ளது என்றும் கருதலாகாது. உரையாடலின் ஒரு சிறு பகுதியை மட்டும் அறிக்கை வெளியிட்டதை விமானிகள் சங்கங்கள் குறைகூறின. அதிகாரபூர்வமான செய்தி காலந்தாழ்ந்தோ அரைகுறையாகவோ வருமாயின், அவ்விடத்தை ஊகமே நிரப்பும்.

பிழையாக வழங்கும் சொற்கள்

'கறுப்புப் பெட்டி' கறுப்பு நிறமுடையதன்று. சிதைவுகளிடையே எளிதில் கண்டெடுக்கும் பொருட்டு அதற்கு ஆரஞ்சு வண்ணம் பூசப்படுகிறது. 'ஸ்டால்' என்பதை இயந்திரம் நின்றுவிட்டதாகப் பலர் எழுதுகின்றனர். காற்றோட்டத்தோடு இறக்கை அமையும் கோணம் ஓர் எல்லையைக் கடக்கும்போது தூக்குவிசை குறைந்துபோவதே அது. அந்நிலையில் இயந்திரங்கள் செவ்வனே ஓடிக்கொண்டிருக்கலாம். 'ஏர் பாக்கெட்' எனப்படுவது காற்றில்லா வெற்றிடமன்று, காற்றின் கொந்தளிப்பு. 'மேடே' என்ற வானொலி அழைப்பு உயிருக்கு உடனடி ஆபத்தைக் குறிக்கும். 'பான்-பான்' என்பது அவசரத்தைக் குறிக்குமேயன்றி அத்தகைய ஆபத்தைக் குறிப்பதன்று. முன்னெச்சரிக்கையாகத் தரையிறங்கும் விமானங்கள் யாவும் 'மயிரிழையில் தப்பியவை' ஆகா.

வகுப்பறைப் பயிற்சி

விமானச் செய்தி ஒன்றை மாணவர்க்கு அளித்து, அதிலுள்ள வாக்கியங்களைப் பதிவானவை, விளக்கப்பட்டவை, ஊகிக்கப்பட்டவை என மூன்று பத்திகளாகப் பிரித்தெழுதச் செய்க. பின்னர்க் கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை காணச் செய்க.

1. செய்தியைக் கூறியவர் யார்? அவர் பெயர் அல்லது பதவி குறிக்கப்பட்டுள்ளதா?
2. மேற்கோள் காட்டப்படும் அறிக்கை முதற்கட்டத்ததா, இறுதியானதா?
3. தன்வினையாக இருக்க வேண்டிய இடத்தில் பிறவினை எங்கேனும் வந்துள்ளதா?
4. சுட்டப்படும் குறை விபத்தின் காரணமா, உடனிருந்த ஒரு நிலைமை மட்டுமா?
5. முன்பு வெளியிட்ட செய்தி தவறெனத் தெரிந்தபின், அதே ஏடு திருத்தம் வெளியிட்டதா?