ஆய்வுக் கட்டுரை: எழுதவைப்பதும் மதிப்பிடுவதும்

கேள்வி: முதுகலை மாணவர்களிடம் ஆய்வுக் கட்டுரை எழுதும் திறனை வளர்ப்பது எப்படி? அதை எப்படி மதிப்பிடுவது?

பதில்: ஆய்வெழுத்து என்பது ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, சான்று காட்டி, விடையை நிறுவுவது. பாடநூலை மனப்பாடம் செய்து பக்கம் பக்கமாக எழுதித் தேறிய மாணவருக்கு இது புதிய வேலை. தலைப்பைச் சுருக்குவதில்தான் பயிற்சி தொடங்க வேண்டும். ‘செல்பேசியும் மாணவர்களும்’ என்று வைத்தால் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ‘விடுதி மாணவர்களின் இரவுத் தூக்கத்தைச் செல்பேசி குறைக்கிறதா?’ என்று கேட்டால், யாரிடம் என்ன தரவு திரட்ட வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

பருவ இறுதியில் கட்டுரையை வாங்கித் திருத்துவதால் பயன் குறைவு. மாணவர் மதிப்பெண்ணைப் பார்ப்பார், குறிப்பைப் படிக்கமாட்டார். முதல் வரைவுக்கு மதிப்பெண் போடாமல், முக்கியமான இரண்டு மூன்று குறைகளைச் சுட்டித் திரும்ப எழுதச் சொல்வதே நல்ல வழி. சந்திப்பிழை அத்தனையையும் சிவப்பு மையில் வட்டமிட்டால், வாதத்தில் உள்ள ஓட்டை கண்ணில் படாமலே போய்விடும்.

வாதம், சான்று, அமைப்பு, மொழி என்ற அளவுகோல்களை எழுதத் தொடங்கும் முன்பே மாணவர் கையில் கொடுத்துவிட வேண்டும். முதல் இரண்டுக்கும் பாதிக்கு மேல் மதிப்பெண் ஒதுக்குவதே நியாயம்.

மதிப்பிடும்போது எழுத்துத் திருட்டையும் கவனிக்க வேண்டும். அதைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதிமுறை வகுத்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்கத் தடை. அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. மூலத்தைக் குறிப்பிட்டு முறையாக எடுத்தாண்ட மேற்கோள்கள் இந்தக் கணக்கில் சேரா.