அச்சிலிருந்து எவ்வளவு தூரம்?

கப்பி போட்டால் வாளியின் பாரம் குறையும் என்பது கிணறுள்ள வீடுகளில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. திருவனந்தபுரம் பக்கத்துக் காஞ்சிரங்குளமும் விலக்கல்ல. பாரம் குறையாது. பத்து லிட்டர் தண்ணீர் பத்து கிலோ. மேலே கட்டிய ஒற்றைக் கப்பியில் அதைவிடக் குறைந்த இழுப்புக்கு வாளி ஏறாது. மாறுவது திசை மட்டுமே. கீழ்நோக்கி இழுப்பதால் நம் உடம்பின் எடையும் துணைக்கு வருகிறது.

பெரிய கப்பி லேசாக ஓடுவதற்குக் காரணம் வேறு. உராய்வு அச்சில் இருக்கிறது, கயிறு விளிம்பில் இழுக்கிறது. விளிம்பு தள்ளிப் போகப் போக அதே இழுப்பின் திருப்பு விசை கூடும். சுழற்சிப் பாடத்தில் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தத் தூரத்தைத்தான். சூத்திரங்கள் பிறகு வரட்டும்.

அதை மறந்தால் பெரிய விஷயங்களிலும் தடுமாறுவோம். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் பூமியின் சுழற்சி அங்கே கூடுதலாக உந்தித் தள்ளும், அதனால்தான் அந்த ஊர் என்று பலரும் நம்புகிறார்கள். காஞ்சிரங்குளமும் கிட்டத்தட்ட அதே அட்சரேகைதான், சுமார் 8.4 டிகிரி வடக்கு.

கணக்கைப் பார்ப்போம். பூமி எங்கும் ஒரே கோண வேகத்தில், மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. ஆனால் அச்சிலிருந்து உள்ள தூரம் இடத்துக்கு இடம் வேறு. நிலநடுக்கோட்டில் நிற்பவர் விநாடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறார். காஞ்சிரங்குளத்துக்காரர் சுமார் 460, ஏற்கெனவே ஏவுதளம் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் இருப்பவர் 452. லாபம் வெறும் 8 மீட்டர்! தாழ் சுற்றுப்பாதைக்கோ விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேண்டும்.

அந்த லாபமும் கிழக்கே ஏவினால்தான். குலசேகரன்பட்டினத்தில் திட்டமிட்டிருப்பது எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுகளைத் தெற்கே, துருவப் பாதைக்கு அனுப்ப. உண்மையான காரணம் இலங்கை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் அது குறுக்கே வரும். ராக்கெட் வளைந்து சுற்றிப் போக வேண்டும். அந்த எரிபொருள் செலவைச் சிறிய ராக்கெட் தாங்காது. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே திறந்த கடல்.

இன்னொரு நம்பிக்கை: விண்வெளியில் பிடிமானம் கிடையாது, ஆகவே வாயுவைப் பீய்ச்சாமல் செயற்கைக்கோள் திரும்ப முடியாது என்பது. திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் இஸ்ரோவின் நிலைம அமைப்புகள் பிரிவு உருவாக்கும் சக்கரங்கள் இதற்குப் பதில். உள்ளே மோட்டார் சக்கரத்தை ஒரு பக்கம் முடுக்க, செயற்கைக்கோள் மறுபக்கம் திரும்பும். மொத்தக் கோண உந்தம் மாறாது. இங்கும் தூரம்தான் வேலை செய்கிறது. நிறையை விளிம்பில் வைப்பார்கள். அதே எடையும் ஆரமும் கொண்ட தட்டைவிட வளையத்துக்கு நிலைமத் திருப்புத்திறன் இரண்டு மடங்கு.

நம்பிக்கையில் கொஞ்சம் உண்மையும் உண்டு. சூரிய ஒளியின் மெல்லிய அழுத்தம் நாள்பட நாள்படச் சேர்ந்து சக்கரத்தின் வேகத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய்விடும். அதைக் குறைக்க அப்போது வாயுவைப் பீய்ச்ச வேண்டிவரலாம்.